காலி மடியும் கணக்கில் வரும்

கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணக்கிடும் ஆய்வுப் பயணம் முடிந்து கரைக்கு வந்ததும் மீனவ நண்பர்கள் கேட்பது, "பாடு எப்படி சார்?" என்பதுதான் (பாடு என்றால் பிடிபட்ட மீன்). பாதி இடத்தில் ஒன்றும் படவில்லை என்றால், மீன் இல்லாத இடத்தில் எதற்கு மடி (இழுவலை) இழுத்தீர்கள், எங்களைக் கேட்டிருக்கலாமே என்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

விசைப்படகு மீனைத் தேடிப் போகும். ஆய்வுக் கப்பல் முன்பே குறித்துவைத்த இடங்களுக்குப் போகும், மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே மடியோடு, ஒரே வேகத்தில். 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் ஒரு மணி நேரம் இழுத்தால் சுமார் 5.5 கிலோமீட்டர், மடிவாய் 20 மீட்டர் விரிந்திருந்தால் 0.11 சதுர கிலோமீட்டர் கடல்தரை, அதில் 50 கிலோ பட்டால் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 கிலோ (மடிக்குத் தப்பிய மீன் தனி).

கடைசி நாட்கள்தான் கஷ்டம். எல்லாரும் களைத்திருப்பார்கள், காற்று ஏறியிருக்கும், மிச்சம் இருப்பதோ தூரத்துப் புள்ளிகள். அவற்றை விட்டுவிட்டுப் பக்கத்தில் சங்கரா படும் இடத்தில் இரண்டு இழுவை போட்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. போகமுடியவில்லை என்றால் போகவில்லை என்றே எழுத வேண்டும். அப்புறம், கிழிந்த மடி காலியாக வருவதும் நல்ல மடி காலியாக வருவதும் ஒன்றல்ல: முன்னதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும், பின்னதை பூஜ்யம் என்று பதிய வேண்டும்.

அந்தப் பூஜ்யத்தின் மதிப்பைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பார்க்கலாம். 1980களில் அங்கே காட் மீன் குறைந்துகொண்டே வந்தபோதும் மிஞ்சியது சில இடங்களில் கூடி நின்றது, பெரிய டிராலர்கள் நேராக அங்கேயே போனதால் பாடு குறையவில்லை, அந்தப் பாட்டுக் கணக்கையும் நம்பிக் கடலில் இருந்த மீனை அதிகமாக மதிப்பிட்டார்கள். 1992 ஜூலையில் காட் பிடிக்கவே தடை வந்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது.

கப்பலைத் துறையில் கட்டியபிறகும் சினை பார்ப்பது, மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லில் வயது பார்ப்பது, பதிவேட்டை வரிவரியாகச் சரிபார்ப்பது என்று மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. அதில் கரையிலிருந்து வரும் கணக்கும் சேரும். அதனால் துறைமுகத்தில் மீன் அளக்க ஆள் வந்தால், விலைபோகும் கூடையை மட்டும் காட்டாமல் கழிசலையும் காட்டுங்கள். கடலிலேயே கொட்டிவிட்டு வந்திருந்தால், எந்த ஆழத்தில், தோராயமாக எத்தனை கூடை என்று சொல்லுங்கள்.