உஜமா: பொருளும் தமிழும்

தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே தம் கொள்கைக்கு வைத்த பெயர் உஜமா. தமிழில் ‘ஆப்பிரிக்க சோசலிசம்’ என்று மொழிபெயர்த்தால் கொள்கை புரியும், சொல் புரியாது.

சுவாஹிலியில் ‘ஜமா’ என்றால் சுற்றம், உறவினர். அரபியின் ‘ஜமாஅத்’திலிருந்து வந்தது. நம் பள்ளிவாசல் ஜமாஅத்தும் வருவாய்த்துறை ஜமாபந்தியும் அதே வேரில் பிறந்தவைதான். ‘உ’ என்பது பண்புப்பெயராக்கும் முன்னொட்டு. ‘ம்ஸே’ முதியவர், ‘உஸே’ முதுமை. தமிழில் ‘மை’ சொல்லின் பின்னால் வந்து செய்யும் வேலையை அங்கே ‘உ’ முன்னால் நின்று செய்கிறது.

1962இல் எழுதிய கட்டுரையில் நைரேரே இச்சொல்லை அரசியலுக்குக் கொண்டுவந்தார். வர்க்கப் போராட்டம் தம் சமூகத்துக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். அதனால் ‘பொதுவுடைமை’ என்ற மொழிபெயர்ப்பு அடிபட்டுப் போகிறது. உறவுக்குள் உழைப்பும் கடமை என்பதற்கு அவர் காட்டிய பழமொழி: ‘விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு.’

நைரேரேயின் கட்சி 1967இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையான அருஷா பிரகடனம் வங்கிகளையும் பெருந்தொழில்களையும் அரசுடைமையாக்க வழிவகுத்தது. சிதறி வாழ்ந்த உழவர்களை ஓரிடத்தில் சேர்த்தால் பள்ளி, மருந்தகம், குடிநீர் கொடுப்பது எளிது என்ற கணக்கும் உடன் வந்தது. கணக்கில் பிழையில்லை. ஆனால் நாட்டின் தென்பகுதியான ருவூமாவில் மக்களே கட்டியெழுப்பிய கூட்டுக் கிராமங்களின் சங்கத்தை ஆளுங்கட்சி 1969இல் கலைத்தது. 1973 நவம்பரில் கிராமத்தில் குடியேறுவது கட்டாயமானது. அடுத்த சில ஆண்டுகளில் பல லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள்; திரும்பிப் போகாதிருக்கச் சில இடங்களில் பழைய வீடுகள் கொளுத்தப்பட்டன.

அதிகாரிகள் சாலையோரம் வரிசையாக மனை அளந்தார்கள். மண்ணையும் நீரையும் பார்க்கவில்லை. வயல் தொலைவானதால் காட்டுப்பன்றியையும் குரங்கையும் காவல் காக்க ஆளில்லை. முன்பு இடம் மாற்றி மாற்றி விதைத்ததில் நிலத்துக்குக் கிடைத்துவந்த ஓய்வும் போனது. கூட்டு வயலின் விளைச்சலில் தன் பங்கு என்னவென்று தெரியாத உழவர் சொந்தத் துண்டிலேயே கருத்தாக இருந்தார். 1974-75இல் வறட்சியும் சேர, தானியத்தைப் பெருமளவில் இறக்குமதி செய்ய நேர்ந்தது.

தமிழில் என்ன எழுதலாம்? ‘கூட்டுறவு’ பொருந்தாது, கூட்டுறவு ஒன்றியங்களை அந்த அரசே 1976இல் கலைத்துவிட்டது. விழுமியத்தைச் சொல்லும்போது ‘குடும்பத்துவம்’ போதும், சகோதரத்துவம் போல. வடமொழி ஒட்டு வேண்டாமென்றால் சுற்றத்தைக் குறிக்கும் ‘கிளை’யிலிருந்து ‘கிளைமை’. பழகச் சற்று நாளாகும். கொள்கையைக் குறிக்க ‘உஜமா’ என்றே விட்டுவிடலாம். 1973க்குப் பிந்தைய கட்டாயக் குடியேற்றத்தை மட்டும் ‘கிராமமயமாக்கல்’ என்று பிரித்தே எழுத வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் பிரித்தது: பதிவு செய்த ஊரெல்லாம் ‘கிராமம்’, பொருளாதார வேலையில் கணிசமான பகுதியைக் கூட்டாகச் செய்வதுதான் ‘உஜமா கிராமம்’.