பாதீடு வேறு, வரவு செலவுத் திட்டம் வேறு

வன்னிப் பிள்ளைகளின் வரலாற்றுப் பயிற்சித் தாள்களில், பிரித்தானியக் காலனி ஆட்சியைப் பற்றி, "குடியேற்ற அரசின் பாதீட்டுப் பற்றாக்குறை" என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. பிரதேச சபைச் செய்திகளிலும் பட்ஜெட்டுக்குப் பாதீடு என்றே எழுதுகிறார்கள். பாதீடு பழைய, அழகிய சொல். ஆனால் இந்த இடத்துக்கு உரியதன்று.

பட்ஜெட் என்பது சிறு தோற்பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. அரசின் வரவையும் செலவையும் முன்கூட்டி மதிப்பிடுவதே இன்று அதன் பொருள். பாதீடு என்பதோ பாத்தல் என்பதன் வழி வந்தது; பாத்தல் என்றால் பகுத்தல். பகுத்து உண்பதைக் குறள் 'பாத்தூண்' என்கிறது. கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்கள் பங்கிட்டுக்கொள்வதைத் தொல்காப்பியம் வெட்சித் திணையில் பாதீடு என்னும் துறையாக வைத்திருக்கிறது. ஆநிரை கைக்கு வந்த பின்னரே அங்கே பாதீடு நடக்கிறது.

வணிகத்தை நம்பியிருந்த குடியேற்ற அரசுக்கோ வரவு கைக்கு வருமுன்பே செலவு காத்து நின்றது. இலங்கையின் பிரித்தானிய அரசு, கோப்பி ஏற்றுமதி பெருகப் பெருகச் சுங்க வரவும் வளரும் என்று நம்பியே வீதிகளுக்கும் உத்தியோகத்தர் சம்பளத்துக்கும் பணம் குறித்தது. 1847இல் கோப்பி விலை விழுந்து வரவு சுருங்கியபோதும் சம்பளப் பட்டியல் அப்படியே இருந்ததால், 1848இல் ஆளுநர் டொரிங்டன் நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைப்பையோ அதற்கான பணத்தையோ கேட்டார். மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் பின்னர் கோப்பித் தோட்டங்களையே அழித்தபோது அரசின் வரவு மீண்டும் ஆட்டங்கண்டது.

இந்த வரலாற்றைப் பாதீட்டுப் பற்றாக்குறை என்று எழுதினால், பங்கிட்டதில் குறை நேர்ந்தது என்றே மாணவர் விளங்கிக்கொள்வார். உண்மையில் குறைந்தது வரவுதான்; அந்த வரவைப் பற்றிப் பாதீடு என்ற சொல் எதுவுமே சொல்வதில்லை. கோடைகாலச் சிறுபோக நெற்செய்கைக்கு இரணைமடுக் குளத்தில் நிற்கும் நீரைக் கணக்கிட்டு, கமக்காரருக்கு இத்தனை ஏக்கர் என்று பிரிப்பதுதான் பாதீடு. மாரி மழையை நம்பிக் காலபோகத்துக்கு விதைப்பதை எந்தக் கமக்காரரும் பங்கீடு என்று சொல்லமாட்டார்.

பாதீடு ஒரே சொல், சுருக்கமானது, தூய தமிழ் என்று அதை ஆதரிப்போர் வாதிடுகிறார்கள். வரவும் செலவும் திட்டமும் தமிழ்தானே! ஒதுக்குவதை மட்டும் குறிக்க 'ஒதுக்கீட்டுச் சட்டமூலம்' நம் நாடாளுமன்ற வழக்கிலேயே இருக்க, ஒதுக்கீட்டுக்கு நிகரான பாதீட்டை முழுத் திட்டத்துக்கும் சூட்டுவது இரண்டையும் குழப்புகிறது. பழைய சொல்லை மீட்கும் மொழிபெயர்ப்பாளரின் ஆர்வத்தை மதிக்கிறேன்; ஆனால் மீட்கும்போது அதன் பொருளையும் சேர்த்தே மீட்க வேண்டும். அகராதியில் தலைச்சொல்லை மட்டும் பார்த்துவிட்டு எடுத்தாளும் பழக்கம் செய்தித்தாள்களிலும் அரச சுற்றறிக்கைகளிலும் பெருகிவிட்டது.

அமைச்சுகளுக்கிடையே பணத்தைப் பிரிப்பதற்குப் பாதீடு என்று தாராளமாக எழுதலாம். பயிற்சித் தாளிலோ, "சுங்க வரவு குறைந்ததால் குடியேற்ற அரசின் வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழுந்தது" என்று இருக்க வேண்டும்.