மெராபி: சோறு போடுகிற எரிமலை

ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா நகருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் நிற்கிறது மெராபி. இந்தோனேசியாவில் ஓயாமல் சீறும் எரிமலைகளில் ஒன்று. அப்படியும் அதன் சரிவுகளில் ஊருக்கு மேல் ஊர். நெல், புகையிலை, மிளகாய், சலாக் என்ற பனைவகைப் பழத்தோட்டம், கறவை மாடு என்று வாழ்கிறார்கள். இவர்களுக்கு ஆபத்து தெரியவில்லை என்று வெளியாட்கள் சொல்வதுண்டு. நன்றாகவே தெரியும். அந்த மலை எதைக் கொண்டு கொல்கிறதோ, அதைக் கொண்டேதான் சோறும் போடுகிறது.

ஜாவாவுக்குத் தெற்கே, கடலடித் தட்டு ஒன்று வடக்கு நோக்கி நகர்ந்து தீவின் அடியில் புகுந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலம் கடலுக்கடியில் கிடந்த பாறை அது. தன் கனிமங்களுக்குள்ளேயே நீரைச் சுமந்துகொண்டு போகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில், அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. வெளியேறிய நீர், மேலே இருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிட, அது உருகி மேலேறுகிறது. நீராவியும் கந்தக டைஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும் அதற்குள் கரைந்திருக்கும்.

ஹவாய் எரிமலைகளின் பாறைக்குழம்பு இளகலானது. வாயு எளிதாகப் பிரிந்துவிடும். மெராபியின் குழம்பில் சிலிக்கா அதிகம், அதனால் கெட்டி. தண்ணீர் கொதித்தால் ஆவி சும்மா போகும், கெட்டியான கூழ் கொதித்தால் தெறித்துக் கையைச் சுடும். அதே கதைதான் இங்கேயும். குழம்பு ஓடாமல் உச்சியிலேயே குவிந்து மேடாகிறது. மேடு சரிந்தால் பாறை, சாம்பல், வாயு எல்லாம் கலந்த கொதிக்கும் மேகம் பள்ளத்தாக்கு வழியே மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்கும். அதன் சூடு சில நூறு டிகிரி செல்சியஸ். அதைப் பார்த்த பிறகு ஓடித் தப்ப முடியாது.

சரி, சோறு எங்கிருந்து வருகிறது? அந்தச் சாம்பலில் நுண்ணிய கண்ணாடித் துகள் நிறைய. பாறைக்குள் இருக்கும் படிக ஒழுங்கு அதில் இல்லாததால், ஜாவாவின் மழையும் வெயிலும் அதைச் சீக்கிரம் சிதைக்கின்றன. பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் மண்ணில் இறங்குகின்றன. சிதைவில் உருவாகும் களிமண் நீரையும் மட்கையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் புதுச் சாம்பல் உரம் இல்லை. 2010 வெடிப்பில் சாம்பல் பாரத்தில் சலாக் மட்டைகள் ஒடிந்து, தோட்டம் தோட்டமாக அழிந்தன. மண் வளமாக ஆண்டுகள் பல பிடிக்கும். நட்டம் இந்தத் தலைமுறைக்கு, விளைச்சல் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளுக்கு.

மலையின் நுண்துளை அடுக்குகள் மழையை உறிஞ்சி, அடிவாரத்தில் ஊற்றாக விடுகின்றன. மேலே தங்கிய சாம்பலை மழை கரைத்துக் கொண்டுவரும் லஹார் என்ற சேற்று வெள்ளம் பாலங்களைப் பெயர்த்தெறிகிறது. அது வடிந்ததும் ஆற்றில் மணல் அள்ள லாரிகள் வரிசையில் நிற்கும். 1966-இல் ஓர் உழவர் நிலத்தைக் கொத்தும்போது செதுக்கிய கல் தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட, 6 மீட்டருக்கும் அதிகமான எரிமலைப் படிவுக்கு அடியில் ஒரு சிவன் கோயில். சம்பிசாரி என்ற அந்தக் கோயில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கட்டியதும் எரிமலைக் கல்லால்தான், மூடியதும் எரிமலை மண்தான்.

2010 அக்டோபரில் நில அதிர்வுகள் பெருகின, மலை வீங்கியது, வாயு கூடியது. 25-ஆம் தேதி உச்ச எச்சரிக்கை விடுத்து, 10 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். மறுநாளே வெடித்தது. மலையின் காவலராக யோக்யகர்த்தா சுல்தானால் நியமிக்கப்பட்டிருந்த முதியவர் ம்பா மரிஜான் 2006-இல் இறங்க மறுத்துப் பிழைத்தவர். இந்த முறையும் தன் கடமை இங்கேதான் என்று இருந்துவிட்டார். அவரும் அவருடைய ஊரில் தங்கிவிட்ட பலரும் இறந்தார்கள். அப்புறம் செயற்கைக்கோள் ரேடார் படங்களில் புதிய மேடு அசுர வேகத்தில் வளர்வது தெரிந்தது. எல்லையை 15 கிலோமீட்டராக்கி, நவம்பர் 5 பிறந்ததும், நள்ளிரவுக்குப் பின், 20 ஆக்கினார்கள். அந்த இரவில் கொதிக்கும் மேகம் கெண்டோல் ஆற்று வழியே சுமார் 15 கிலோமீட்டர் வரை இறங்கியது. மொத்தம் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான்கு லட்சத்தை ஒட்டிய மக்கள் இடம்பெயர்ந்திருக்காவிட்டால் இறப்பு ஆயிரக்கணக்கில் போயிருக்கும்.

அந்த நாட்களில் முகாமிலிருந்து சிலர் தினமும் மலையேறிப் போனார்கள், மாட்டுக்குத் தீனி வைக்க. இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் தொழுவத்தில் கட்டிக் கிடக்கும்போது, வெறும் சைரன் யாரையும் கீழே நிறுத்தி வைக்காது. எரிமலை அபாயத்தைக் கணக்கிடுபவர்கள் நில அதிர்வுமானியைப் போலவே மாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மெராபியில் அதை ஓரளவு செய்தார்கள். மேற்குச் சரிவில் உள்ள மகெலாங் மாவட்டத்தில், ஒவ்வோர் ஆபத்தான ஊருக்கும் தூரத்தில் ஓர் ஊரைச் சகோதர ஊராக முன்கூட்டியே இணைத்தார்கள். யார் எங்கே போவது என்பது மலை அமைதியாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. 2020 நவம்பரில் எச்சரிக்கை நிலை உயர்ந்தபோது முதியவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதலில் இறங்கினார்கள். மாடுகளுக்கும் தற்காலிகத் தொழுவங்கள் போடப்பட்டன. 2021 ஜனவரியில் மலை மறுபடி கொதிக்கும் மேகங்களை அனுப்பத் தொடங்கியது.