கூடுதல் விலை எழுதியவருக்குத்தான் சரக்கு

ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்கு வரும் வியாபாரி முதலில் ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். உள்ளே நிறம் எப்படி, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தன் விலையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அடுத்தவர் எழுதியது அவருக்குத் தெரியாது.

அந்த மஞ்சள் குவிண்டால் 12,000 ரூபாய்தான் பெறும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் 11,000, 11,600, 12,000, 12,400, 13,000 என்று எழுதுகிறார்கள். சராசரி பார்த்தால் சரியாக 12,000. ஆனால் சரக்கு போவது 13,000 எழுதியவருக்கு. ஐந்து பேருமே விவரமானவர்கள்தான். இருந்தும் ஜெயித்தவருக்கு ஆயிரம் ரூபாய் நட்டம். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கான ஏலங்களில் இதே கதை நடப்பதை 1971இல் பொறியாளர்கள் மூவர் எழுதிக் காட்டினார்கள். 'வென்றவரின் சாபம்' என்பது அதற்குப் பெயர்.

ஒரு டெக் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் விலைக்கு வாங்கும்போதும் இந்தச் சாபம் பின்னால் வரலாம். மஞ்சளைப் போல அதை ஒடித்துப் பார்க்கவும் வழியில்லை. சொத்து, காப்புரிமை எல்லாம் போக மிஞ்சும் விலை 'குட்வில்' என்று கணக்கில் ஏறும். திருப்பூரில் ஓடுகிற கடையைக் கைமாற்றும்போது பேசுகிறோமே, அதே குட்வில்தான்.

அப்படியென்றால் எல்லாமே நட்டமா? இல்லை. சொந்தமாக பாலிஷ் மில் வைத்திருப்பவர் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்தாலும் கட்டுப்படியாகும். 2012இல் வெறும் 13 பேர் வேலை பார்த்த, வருமானமே இல்லாத இன்ஸ்டாகிராமுக்கு ஃபேஸ்புக் 100 கோடி டாலர் விலை பேசியது. விளம்பரதாரர்கள் ஏற்கெனவே ஃபேஸ்புக்கின் கையில் இருந்தார்கள். அதுதான் அந்த மில்.

மைக்ரோசாஃப்ட்டிடம் அப்படி ஒரு மில் இல்லை. சுமார் 720 கோடி டாலருக்கு நோக்கியாவின் கைபேசித் தொழிலை 2014இல் வாங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருளில் ஓடும் விண்டோஸ் போனுக்குச் செயலி எழுத ஆள் குறைவு. தொழிற்சாலையை வாங்கினால் செயலி வந்துவிடுமா? அடுத்த ஆண்டே 760 கோடி டாலரை நட்டமாக எழுதித் தள்ளியது. 7,800 வேலைகளைக் குறைப்பதாகவும் அன்றைக்கே அறிவித்தது.

நம் ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா ஆலை வரித் தகராறில் சிக்கியதால் அந்த விற்பனையில் சேரவே இல்லை. 2014 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த இடம். விலை சரியா தப்பா என்று பேசும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.