இரவு 2 மணிக்கு ஓடும் தண்ணீர்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இரவு 2 மணிக்கு யாரும் துணி துவைப்பதில்லை. ஒட்டுக்கடையில்கூட விளக்கை அணைத்திருப்பார்கள். ஆனால் ஒரு தாமானுக்குள் (வீடமைப்புப் பகுதிக்குள்) நுழையும் பெரிய பைப்பில் மீட்டர் பொருத்திப் பார்த்தால், அந்த நேரத்திலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஊரே தூங்கும்போது அவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது?

தண்ணீர் சிக்கனம் என்றால் குளிப்பதைக் குறை, கார் கழுவாதே என்று வீட்டுக்காரர்களுக்குப் புத்தி சொல்வதே வழக்கம். ஆனால் மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணக் கணக்குக்கே வருவதில்லை. பழுதான மீட்டரும் திருட்டு இணைப்பும் அதில் உண்டு. பெரும்பகுதி மண்ணுக்குள் கசிந்து போவதுதான். இவ்வளவு மழை பெய்யும் நாட்டில் 1991-இல் மலாக்காவும் 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கும் குடிநீருக்குத் தவித்ததை நினைத்தால், அந்த மூன்றில் ஒரு பங்கு மனதை உறுத்துகிறது.

கசிவை அளக்க ஏற்ற நேரம் பின்னிரவு 2 முதல் 4 மணி வரை. ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வரும் வழியில் ஒரு மீட்டர் வைக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு வட்டார மீட்டர் அந்நேரத்தில் மணிக்கு 6 கனமீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவறைக்கு எழுந்தவர்கள், இரவு வேலை முடித்துக் குளிப்பவர்கள் எல்லாருக்குமாக 2 கனமீட்டர் போகட்டும். மீதி 4 கனமீட்டர் கசிவு. 24 மணி நேரத்துக்கு 96 ஆகிறது. பகலில் எல்லாரும் குழாயைத் திறப்பதால் பைப்பில் அழுத்தம் இறங்கிக் கசிவும் குறையும். அதனால் 80 என்றே எடுத்துக்கொள்வோம். 80 கனமீட்டர் என்றால் 80,000 லிட்டர். நம் நாட்டில் வீட்டில் ஒருவர் நாளுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் பயன்படுத்துகிறார். ஆக, 400 பேருக்கான தண்ணீர் தினமும் மண்ணுக்குள் போகிறது.

அழுத்தத்துக்கும் கசிவுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாதது. இரும்புப் பைப்பில் உருண்டையான ஓட்டை இருந்தால், அழுத்தத்தை 10 விழுக்காடு குறைக்கும்போது கசிவு 5 விழுக்காடுதான் குறையும். பிளாஸ்டிக் பைப்பில் நீளவாக்கில் விழுந்த வெடிப்பின் கதை வேறு. அழுத்தம் ஏறினால் வெடிப்பே வாய் பிளக்கும், இறங்கினால் சுருங்கும். அங்கே அதே 10 விழுக்காட்டுக்குக் கசிவு 15 விழுக்காடு வரை குறையலாம். அதனால்தான் இரவில் மட்டும் அழுத்தத்தை இறக்கும் வால்வுகளைப் பொருத்துகிறார்கள். ஒரு பைப்பையும் தோண்டாமல் அன்றிரவே மிச்சம் தெரியும். என்னைக் கேட்டால், சிறிய ஊருக்கு முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

சரி, ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காதால்தான். அழுத்தத்தோடு பீறிடும் நீர் சீறும். அந்தச் சத்தம் பைப்பின் வழியே இரு பக்கமும் ஓடும். 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு உணர்கருவிகளை வைக்கிறார்கள். ஒன்றுக்குச் சத்தம் 0.02 விநாடி முந்தி வருகிறது. இரும்புப் பைப்பில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் போகும் என்றால், தூர வித்தியாசம் 24 மீட்டர். 100-இல் 24 போக மீதியில் பாதி 38. ஆகவே ஓட்டை, சத்தம் முந்தி வந்த முனையிலிருந்து 38 மீட்டரில், மறு முனையிலிருந்து 62 மீட்டரில். அங்கே தோண்டினால் போதும். பிளாஸ்டிக் பைப்பு சத்தத்தைச் சீக்கிரம் விழுங்கிவிடும் என்பதால் கருவிகளை இன்னும் நெருக்கி வைக்க வேண்டும்.

வீட்டிலும் இதே சோதனையைச் செய்யலாம். படுக்கும் முன் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள், விடியற்காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் முதல் சந்தேகம் கழிவறைத் தொட்டி மீது. பீங்கானில் மெல்லிய கோடாக நிமிடத்துக்குக் கால் லிட்டர் இறங்கினாலும் நாளுக்கு 360 லிட்டர்.

அப்புறம், ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்கள். வளர்ந்த செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) இங்கே பெரும்பாலும் மழையே பாசனம். தண்ணீர் ஊற்றுவது நாற்றங்காலில். பெரிய பைகளில் நிற்கும் கன்று ஒன்றுக்கு நாளுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் வேண்டும். பைகளை 90 சென்டிமீட்டர் முக்கோண இடைவெளியில் வைத்தால் ஒரு கன்றுக்கு 0.7 சதுர மீட்டர் நிலம் வரும். பையின் வாயோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேலிருந்து தெளித்தால் இலைகள் கொஞ்சம் வாங்கிப் பைக்குள் வழியவிடும், மீதியெல்லாம் இடைவெளி மண்ணுக்கு. சொட்டுக் குழாய் என்றால் தண்ணீர் நேரே வேரடிக்குப் போகிறது.

எந்த நாளில் ஊற்ற வேண்டாம் என்பதை தோட்ட ஆபீஸ் முன்னால் நிற்கும் மழைமானி சொல்லிவிடும். என் அப்பா அங்கே கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். தினமும் காலையில் அதன் கண்ணாடிக் குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்து நோட்டில் எழுதுவார். 10 மில்லிமீட்டருக்கு மேல் பெய்திருந்தால் நாற்றங்காலுக்கு ஆள் அனுப்பி, இன்று பம்பு போட வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.