மே மாதத் தீ, அக்டோபர் தீ

இன்றைய ஜாம்பியாவில் என்டோலா என்ற ஊர்ப் பக்கம், 1933 வாக்கில் வனத்துறை ஒரு சோதனையைத் தொடங்கியது. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். சில துண்டுகளில் மழை நின்று வறண்ட பருவம் தொடங்கியதும் தீ வைத்தார்கள். சிலவற்றில் அந்தப் பருவம் முடியப்போகும்போது வைத்தார்கள். மீதியில் தீயை அண்டவே விடவில்லை. பல பத்தாண்டுகள் இப்படியே ஓடின. கடைசியில் பார்த்தால், தீ படாத துண்டில் பசுமை மாறா மரங்கள் நெருக்கமாக ஏறியிருந்தன. வறண்ட பருவத்தின் கடைசியில் எரித்த துண்டு புல்வெளியாகிவிட்டது, அங்கங்கே ஓரிரு மரங்கள். தொடக்கத்திலேயே எரித்த துண்டு மட்டும் பழைய காடாகவே இருந்தது.

அந்தக் காட்டுக்கு மியோம்போ என்று பெயர். அங்கோலாவிலிருந்து மொசாம்பிக் வரை விரிந்து கிடக்கும் வறண்ட காடு அது. அதன் முக்கிய மரங்கள் நம் புளிய மரத்துக்குச் சொந்தக்காரர்கள்.

ஒரே நெருப்பு, மாதம் மாறினால் ஏன் வேறு வேலை செய்கிறது? அங்கே மழை ஏப்ரலோடு நின்றுவிடும். மே, ஜூனில் புல் பாதிதான் காய்ந்திருக்கும், இரவில் குளிரும், பனி இறங்கும். அப்போது வைத்த தீ முழங்கால் உயரத்தில் மெதுவாக நகர்ந்து, ஈரமான இடம் வந்ததும் தானே அணைந்துவிடும். அக்டோபரில் புல் சருகாகியிருக்கும், காற்றும் கூடும். அப்போதைய தீ ஆளுயரம் தாண்டிப் பாயும். மழைக்கு முன்பே துளிர்விடும் மரங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் இளந்தளிரோடு நிற்கும்.

மரக்கன்றுகள் பாடுதான் மோசம். மேலே கருகினாலும் வேர் சாகாது, மழை வந்ததும் மறுபடி முளைக்கும். ஆனால் தீ எட்டும் உயரத்தைத் தாண்டாத வரை அது மரமாவதில்லை. வருஷா வருஷம் பெரிய தீ வந்தால் கன்று கன்றாகவே கிடக்கும். முன்கூட்டி வைக்கும் சின்னத் தீ, பெரிய தீக்குத் தீனியாகும் புல்லைத் திட்டுத் திட்டாகத் தின்றுவிடுவதால் கன்றுக்குச் சில ஆண்டுகள் கிடைக்கின்றன. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினரும் கோடை முற்றும் முன்பே சருகுக்குத் தீ வைத்து வந்தவர்கள்தாம். அதைக் குற்றமாக்கிய சட்டம் பிறகு வந்தது.

சரி, இதற்கு நாடுகள் ஏன் கூடிப் பேச வேண்டும்? தீக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரு நாடு மே மாதம் எரித்துவைத்து, பக்கத்து நாடு அக்டோபர் வரை சும்மா இருந்தால் பாதி உழைப்பு வீண். அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஐந்தும் 2011இல் ஒப்பந்தம் போட்டு, 'காசா' (KAZA, கவாங்கோ–ஜாம்பேசி) என்ற எல்லை தாண்டிய காப்புப் பகுதியை உருவாக்கின. பரப்பு சுமார் 5,20,000 சதுர கிலோமீட்டர், அதாவது நான்கு தமிழ்நாடு. 2022 ஆகஸ்டில் ஆப்பிரிக்க நாடுகள் பதினொன்று மொசாம்பிக் தலைநகர் மாபுட்டோவில் மியோம்போவுக்கென்றே ஒரு பிரகடனம் செய்தன. பிரகடனத்தில் கையெழுத்திடுவது எளிது. தீப்பெட்டியோடு சரியான வாரத்தில் காட்டுக்குள் போகிற ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதுதான் கடினம்.

அந்தச் சம்பளத்துக்கு ஆஸ்திரேலியா ஒரு வழி காட்டியது. அதன் வடக்கே ஆர்னெம் நிலத்தின் மேற்குப் பகுதியில் 2006 முதல் பழங்குடியினர் ஒரு திட்டத்தின் கீழ் முன்கூட்டியே தீ வைக்கிறார்கள். ஒரு எரிவாயு ஆலை, தான் வெளிவிடும் வாயுவுக்கு ஈடாக, அதற்குப் பணம் தர 2006இல் ஒப்புக்கொண்டது. கணக்கு இதுதான்: புல் எரிந்து வெளிவரும் கரியமில வாயுவை அடுத்த ஆண்டுப் புல் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதைப் போலவே பூமியைச் சூடாக்கும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் இழுக்காது. எரியும் பரப்பும் உக்கிரமும் குறைந்தால் இவை இரண்டும் குறையும், அந்த மிச்சம் விலைக்குப் போகும். இதே முறையை ஆஸ்திரேலிய உதவியோடு போட்ஸ்வானாவிலும் முயன்றார்கள்.

அப்படியே நகலெடுக்க முடியாது என்பது என் எண்ணம். இன்னும் பச்சை போகாத புல்லைக் கொளுத்தினால் அது எரியாமல் புகையும். புகையும்போது ஒரு கிலோ புல்லுக்கு வெளிவரும் மீத்தேன் கூடுதல். ஜாம்பியாவின் ஈரப் புல்வெளிகளில் அளந்தவர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். அதனால் புல் காய்ந்திருக்க வேண்டும், ஆனால் ரொம்பவும் காய்ந்திருக்கக் கூடாது. அந்தப் பதம் மழை கூடிய அங்கோலா மேட்டில் ஒரு வாரம் வரும், வறண்ட போட்ஸ்வானாவில் வேறொரு வாரம் வரும்.