லிகண்ட்: ஈனியா, ஈந்தணைவியா, இணையியா?

மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, சூடாக்கினால் அதன் நீலம் போய்விடும், வெளுத்த பொடிதான் மிஞ்சும். அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும். தாமிரத்தைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகளுக்கும் அந்த நிறத்தில் பங்கு உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இனி மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவைத் துளித்துளியாக விடுங்கள். முதலில் வெளிர்நீலமாகக் கலங்கும். இன்னும் விட்டால் கலங்கல் கரைந்து, சோதனைக்குழாய் முழுக்க மை ஊற்றியதுபோல் அடர்நீலமாகிவிடும். தாமிரம் பழைய தாமிரம்தான். அதைச் சுற்றி நின்ற நீரில் பெரும்பகுதி விலகி, அந்த இடத்துக்கு அம்மோனியா வந்துவிட்டது.

இப்படி ஓர் உலோக அயனியைச் சூழ்ந்து அதனோடு பிணைந்து நிற்கும் மூலக்கூறுக்கோ அயனிக்கோ லிகண்ட் என்று பெயர். தமிழில் இதை ஈனி என்கிறார்கள், ஈந்தணைவி என்கிறார்கள், இணையி என்றும் எழுதுகிறார்கள். ஒரு பொருளுக்கு மூன்று பெயர் இருந்தால் படிக்கிற மாணவர் குழம்பத்தான் செய்வார். எதை எங்கே சொல்வது என்று பார்த்துவிடலாம்.

லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் நாரை மருத்துவர்கள் லிகமென்ட் என்கிறார்களே, அதற்கும் இதே வேர்தான். ஜெர்மன் வேதியியலர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1916-இல் சிலிக்கான் சேர்மங்களைப் பற்றிப் பேசும்போது லிகண்ட் என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அது உடனே பரவவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த யானிக் பியெரம் போன்றவர்கள் தங்கள் ஆய்வுகளில் எடுத்தாண்ட பிறகு, 1940, 50-களில்தான் எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்தது.

ஆனால் பெயர் வருவதற்கு முன்பே பொருள் புரிந்துவிட்டது. புரிய வைத்தவர் சூரிச்சில் பணியாற்றிய ஆல்ஃபிரட் வெர்னர். கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்த சில உப்புகள் அப்போது எல்லோரையும் திணறடித்துக் கொண்டிருந்தன. ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரைடு என்ற கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான், அம்மோனியாவின் எண்ணிக்கை மட்டும் மாறும். ஆறு அம்மோனியா இருந்தால் மஞ்சள், ஐந்து இருந்தால் ஊதா, நான்கு இருந்தால் பச்சை. வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்துப் பார்த்தால் மஞ்சள் உப்பில் மூன்று குளோரைடும் வெள்ளையாக வீழ்படிந்துவிடும். ஊதாவில் இரண்டுதான் படியும், பச்சையில் ஒன்றே ஒன்று. மீதிக் குளோரைடு எங்கே போயிற்று?

1893-இல் வெர்னர் இதற்கு விடை சொன்னார். கோபால்ட்டைச் சுற்றி எப்போதும் ஆறு இடங்கள் உண்டு. அம்மோனியா குறைந்தால் காலியான இடத்தில் குளோரைடு வந்து உட்காரும். அப்படி உட்கார்ந்தது கோபால்ட்டோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால் வெள்ளி அயனியிடம் போகாது, வெளியே நிற்பது மட்டும்தான் போகும். அந்த ஆறுதான் இன்று நாம் அணைவு எண் என்று சொல்வது. 1913-இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எலக்ட்ரான் பிணைப்பைப் பற்றிய இன்றைய கருத்துகள் உருவாகாத காலத்தில், நிறத்தையும் வீழ்படிவையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் இதைக் கண்டுபிடித்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

சரி, அந்தப் பிணைப்பு எப்படிப்பட்டது? சாதாரணச் சகப்பிணைப்பில் இரண்டு அணுக்களும் ஆளுக்கொரு எலக்ட்ரான் போடும். இங்கே இரண்டையும் லிகண்டே தருகிறது. அம்மோனியாவின் நைட்ரஜனில் பிணைப்பில் சேராத ஓர் எலக்ட்ரான் இரட்டை இருக்கிறது. அதை உலோக அயனிக்கு ஈந்து, அதே இரட்டையால் தானும் பிணைந்துகொள்கிறது. அதனால்தான் இதற்கு ஈதல் சகப்பிணைப்பு என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். லத்தீன் வேர் 'கட்டு' என்பதோடு நின்றுவிடுகிறது. யார் தருகிறார், யார் பெறுகிறார் என்று அது சொல்லவில்லை. ஈந்தணைவி அதைச் சொல்கிறது. ஈந்து அணைவது, அதாவது எலக்ட்ரானைக் கொடுத்துச் சேர்வது. நடக்கிற வேலை முழுவதும், நடக்கிற வரிசையிலேயே, ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டது. இதைச் சொன்னால் விளக்கம் தனியாகத் தேவைப்படாது. ஈனி என்பது பாடநூல் சொல். சுருக்கமானது, 'இருமுனை ஈனி', 'பலமுனை ஈனி' என்று தொடர்களில் வசதியாகப் பொருந்தும். எனக்கு அதில் ஒரு குறைதான். கேட்டவுடன் ஈதல் நினைவுக்கு வருவதில்லை, கன்று ஈன்ற பசுதான் வருகிறது. முதல் முறை ஈந்தணைவி என்று எழுதிவிட்டு அப்புறம் ஈனி என்று சுருக்கிக்கொண்டால் இந்தக் குறையும் இருக்காது.

அணைவு என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலோகமும் ஈந்தணைவிகளும் சேர்ந்த சேர்மத்தை அணைவுச் சேர்மம் என்கிறோம். இலங்கைத் தமிழில் இதைச் சிக்கற் சேர்வை என்பார்கள். காம்ப்ளக்ஸ் என்றால் சிக்கலானது என்ற பொருளில் வந்த பெயர் அது. ஆனால் அந்தச் சொல்லின் மூலமான 'கம்ப்ளெக்சுஸ்' என்ற லத்தீன் பெயர்ச்சொல்லுக்கு அணைப்பு, தழுவல் என்றே பொருள் உண்டு. நடுவில் உலோகம், சுற்றிலும் அதை அணைத்து நிற்கும் மூலக்கூறுகள். தமிழில் அணைவு என்று வைத்தபோது அந்தப் பழைய பொருளே திரும்ப வந்து சேர்ந்துவிட்டது.

கரிம ஈந்தணைவிகளில் இந்த அணைப்பை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். எத்திலீன் டையமீனில் இரண்டு நைட்ரஜன் உண்டு, இரண்டாலும் ஒரே உலோகத்தைப் பிடிக்கும். ஈடிடிஏ நான்கு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன் என்று ஆறு இடத்தில் பிடிக்கும். இப்படிப் பிடிப்பதற்கு 1920-இல் மார்கன், ட்ரூ என்ற இருவர் கிலேட் என்று பெயரிட்டார்கள். நண்டு, இறால் வகைகளின் பெரிய கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் கொடுக்கிணைப்பு என்கிறோம். இதைவிட நல்ல சொல் கிடைக்காது. பிடியின் வலுவும் அப்படித்தான் இருக்கிறது. நிக்கலோடு ஆறு அம்மோனியா சேர்ந்த அணைவைவிட, மூன்று எத்திலீன் டையமீன் சேர்ந்த அணைவின் நிலைப்பு மாறிலி, அதாவது அணைவு எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதன் அளவு, நூற்றுக்கணக்கான கோடி மடங்கு அதிகம். இரண்டிலும் பிடிப்பது ஆறு நைட்ரஜன்தான். ஆனால் ஒரு கொடுக்கு விட்டாலும் மறு கொடுக்கு விடாது. போதாததற்கு, மூன்று மூலக்கூறுகள் உள்ளே வர, முன்பு பிணைந்திருந்த ஆறு மூலக்கூறுகள் விடுதலையாகின்றன. அப்போது கூடும் ஒழுங்கின்மையும் கொடுக்கிணைப்பின் பக்கமே சாய்கிறது.

இப்படிப்பட்ட ஓர் அணைவைத் தயாரிப்பதை மட்டும் அருகிலிருந்து பார்ப்போம். நிக்கல் உப்பின் வெளிர்பச்சைக் கரைசலைச் சற்றே அமிலமாக்கி இளஞ்சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே ஈந்தணைவி டைமெத்தில்கிளையாக்சைம் என்ற கரிமச் சேர்மம். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் ஆல்கஹாலில் கரைத்து ஊற்றுகிறோம். ஊற்றியதும் பெரிதாக எதுவும் நடக்காது. அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கும்போதுதான் ரோஜாச் சிவப்பில் பஞ்சுபோல வீழ்படிவு திரளும். ஈந்தணைவி தன் ஹைட்ரஜன் அயனி ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் உலோகத்தைச் சரியாகப் பிடிக்கும். அந்த அயனியை வாங்கிக்கொள்ளத்தான் அம்மோனியா. அமிலத்தைச் சேர்த்தால் சிவப்பு கலைந்துவிடும். 1905-இல் ரஷ்ய வேதியியலர் சுகாயெவ் கண்ட வினை இது. வீழ்படிவை வடித்து, உலர்த்தி, எடை போட்டால் அதில் 20.32 சதவீதம் நிக்கல். பகுப்பாய்வில் நிக்கலை எடையறிய நெடுநாள் பயன்பட்ட முறை இதுதான்.

பண்பிலும் மாற்றம் உண்டு. பச்சைக் கரைசலில் ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகி வடிவில் நிற்கும். நிக்கலில் இரண்டு எலக்ட்ரான்கள் தனித்தனியாக இருப்பதால் காந்தப்புலம் அதை இழுக்கும். சிவப்புச் சேர்மத்தில் நான்கு நைட்ரஜன் சதுரத்தளத்தில் நிற்கும், எலக்ட்ரான்கள் எல்லாம் இரட்டையாகிவிடும், இழுப்பும் போய்விடும். உலோகம் ஒன்றுதான், அணைப்பவர் மாறியதில் நிறம், வடிவம், காந்தத்தன்மை மூன்றுமே மாறிவிட்டன.

ஈந்தணைவி என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. நிக்கல் கார்பனைலில் உள்ள கார்பன் மோனாக்சைடு எலக்ட்ரானைத் தருவதோடு நிற்பதில்லை, உலோகத்திடமிருந்து கொஞ்சம் திரும்பவும் வாங்கிக்கொள்கிறது. ஆனாலும் முதலில் ஈந்துதான் அணைகிறது, ஆகவே பெயர் நிற்கும். உயிர்வேதியியலில்தான் நிற்காது. தன் ஏற்பிப் புரதத்தில் போய்ப் பொருந்தும் இன்சுலினையும் லிகண்ட் என்றே சொல்கிறார்கள். அங்கே உலோகத்துக்கு எலக்ட்ரான் இரட்டையை ஈவது என்ற பேச்சே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பு, மின்கவர்ச்சி, வடிவப் பொருத்தம் இவற்றால் வந்து சேர்வதுதான் நடக்கிறது. அந்த இடத்தில் ஈந்தணைவி என்றோ ஈனி என்றோ மொழிபெயர்த்தால் பொருள் தவறிவிடும். அங்கே இணையி என்று எழுதுவதே சரி.